எந்த ஆட்டம் சோறு போடும்?

1936ஆம் ஆண்டு தொடங்கியபோது எம். ஜே. கோபாலன் முன்னால் இரண்டு கடற்பயணங்கள் இருந்தன. இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு ஏப்ரலில் கப்பலேறுகிறது. இந்திய ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஜூன் கடைசியில் கிளம்புகிறது. செங்கல்பட்டுச் சீமையின் மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்து சென்னையில் பெயரெடுத்த அந்த வேகப்பந்து வீச்சாளர், இரண்டு ஆட்டத்திலும் நாட்டுக்காக ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டினின் இங்கிலாந்து அணியை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போய்வந்த ஹாக்கி அணியிலும் இருந்தார். இரண்டு பயணமும் ஒரே கோடையில் வந்ததால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அவர் கிரிக்கெட்டை எடுத்தார். அந்தப் பயணத்தின் மூன்று டெஸ்டில் ஒன்றிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. விஜயநகரம் மகாராஜகுமாரரின் தலைமையில் போன அணி உட்பூசலில் சிதைந்தது. லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பினார்கள், இரண்டு டெஸ்டில் தோற்றார்கள். கடைசி டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கியது. அதே நாளில்தான் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது.

தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் இந்தக் கதையை எல்லாரும் ஒரே விதமாகச் சொல்கிறார்கள்: பாவம், தங்கத்தைக் கைநழுவ விட்டார், தப்பான பக்கம் சாய்ந்தார். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இரண்டு ஆட்டம் தெரிந்த ஒருவர் ஒன்றை விடும்போது அதை அவர் மனம் மட்டும் முடிவு செய்வதில்லை. எந்த ஆட்டத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது, லீவு கொடுக்கும் முதலாளி இருக்கிறார், ஆண்டு தவறாமல் நடக்கும் போட்டி இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அந்த ஊர் அவருக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. சென்னையில் 1936இல் அது கிரிக்கெட்டாக இருந்தது. சென்னையிலிருந்து தெற்கே ஒரு நாள் பயணத்துக்குள், பிரெஞ்சு ஆட்சியின் புதுச்சேரியில் இருந்த வில்லியனூரிலும் பாகூரிலும் அப்போது எந்த ஆட்டத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், இன்று புதுச்சேரியின் கிராமப்புறத்தில் ஒரு பையன் எந்த ஆட்டத்தைக் கையில் எடுக்கிறான் என்பதற்கும் விடை கிடைக்கும்.

முதலில் சென்னை. சேப்பாக்கத்து மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் உருவானது. அது வெள்ளைக்காரர்களுக்கானது. அதற்கு எதிர்நின்று புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இந்த இரண்டு பக்கமும் மோதிக்கொள்ளும் பிரசிடென்சி ஆட்டம் 1915-16 முதல் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடந்தது. ஊரே திரண்டு போய்ப் பார்க்கும் ஆட்டம் அது. கோபாலனின் திறமையைக் கண்டுபிடித்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர், சென்னைக் கிரிக்கெட்டின் தூண்களில் ஒருவர். கோபாலனுக்கும் அந்தக் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. கிராமத்தில் பிறந்த ஒருவருக்கு மாதச் சம்பளம், பந்து போட்டால் தட்டிக்கொடுக்கும் மேலதிகாரி, ஆட்டத்துக்கு லீவு என்ற மூன்றும் சேர்ந்து வந்தன. 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தபோது, அந்தக் கோப்பையின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் கோபாலன்தான். ராம்சிங் பதினொரு விக்கெட் எடுக்க, மைசூர் 48, 59 என்று இரண்டு முறை சுருண்டு, ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துபோனது. இப்படியொரு ஏற்பாட்டுக்குள் நிற்கும் ஒருவரைப் பார்த்து, நீ ஏன் ஹாக்கிக்குப் போகவில்லை என்று கேட்பது எளிது. அவர் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது ஓர் ஆட்டத்தை மட்டுமல்ல என்பதை அப்படிக் கேட்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதே 1936 பயணத்தில் சென்னையிலிருந்து போன இன்னொருவரைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கோட்டா ராமஸ்வாமி, புச்சிபாபுவின் மகன். தாய்வழிப் பாட்டனாருக்குச் சுவீகாரம் போனதால் தலைப்பெழுத்து மாறியவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடி, ஃபைசியோடு ஜோடி சேர்ந்து ருமேனியாவை வென்றார். டென்னிசில் நாட்டுக்காக ஆடிய பதினான்கு ஆண்டுக்குப் பிறகு, நாற்பது வயதில், மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டில் இறங்கினார். அங்கே 40, 60. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் இரண்டே டெஸ்ட். கோபாலனைப் போலவே இவரும் இரண்டு ஆட்டத்தில் நாட்டுக்காக ஆடியவர்தான். ஆனால் இவர் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. வீட்டில் வசதி இருந்தது, ஆடுகளம் பிறந்தபோதே இருந்தது, இந்த ஆண்டு இதை ஆடாவிட்டால் அடுத்த ஆண்டு சம்பளம் நின்றுவிடும் என்ற கவலை இல்லை. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்கு ஆற அமர வர முடிந்தது. நாட்காட்டி இடித்தது என்னவோ உண்மைதான். ஆனால் அந்த இடி யார் தலையில் விழுந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிறர் கொடுத்த வேலையிலும் பிறர் எழுதும் அணிப் பட்டியலிலும் நின்று ஆடியவர் தலையில்தான் விழுந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஹாக்கியில் இந்தியா 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் தங்கம் வென்றிருந்தது. பெர்லினிலும் வெல்லும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கலாம். கிரிக்கெட்டிலோ இந்தியா அதுவரை ஒரு டெஸ்ட்கூட வென்றதில்லை. பின்னால் வந்தவர்களின் ஞானம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அன்றைக்கே தெரிந்த கணக்குதான் இது என்று ஒருவர் வாதாடலாம். வாதம் சரியே. பெர்லினில் பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனியிடம் இந்தியா 4-1 என்று தோற்று, தாரா என்ற ஆட்டக்காரரைத் தந்தியடித்து வரவழைக்கும் அளவுக்குப் பதறியது என்றாலும், அதை வைத்து நான் தப்பிக்க விரும்பவில்லை. ஹாக்கியில் பதக்கம் ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தும் சென்னைக்காரர் ஒருவர் கிரிக்கெட்டுக்குப் போனார் என்றால், பதக்கத்தைவிடக் கனமான ஏதோ ஒன்று தராசின் மறுதட்டில் இருந்திருக்க வேண்டும். ஹாக்கி சோறு போடாத ஆட்டம் என்றும் சொல்ல முடியாது. தியான் சந்த் பட்டாளத்துச் சிப்பாய். அணியிலிருந்த ஆங்கிலோ-இந்தியர் பலர் ரயில்வே, தந்தி, சுங்கம் என்று வேலையில் இருந்தவர்கள். ஹாக்கிக்கும் ஏணி இருந்தது. அது ராணுவத்திலும் ரயில்வேயிலும் இருந்தது. சென்னையில் ஒரு வணிகக் கம்பெனியில் நாற்காலி கிடைத்தவருக்கு அந்த ஏணி எட்டாது. தங்கம் வாங்கித் திரும்பிவந்தால் அவருக்காகக் காத்திருக்க ஒரு ரெஜிமெண்ட் கிடையாது.

அமெரிக்காவில் எந்த ஆட்டம் சோறு போடும் என்ற கேள்வியை ஒளிவு மறைவில்லாமல் காகிதத்தில் எழுதியே வைத்துவிடுகிறார்கள். அங்கே கல்லூரிகள்தான் தொழில்முறை ஆட்டங்களின் பட்டறை. ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் போ ஜாக்சன் 1985இல் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். 1986இல் டாம்பா பே அணி அவரைத்தான் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தது. அவரோ அதை உதறிவிட்டு, பேஸ்பாலில் நான்காம் சுற்றில் தம்மை எடுத்த கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியில் ஒப்பந்தம் போட்டார். மறு ஆண்டு ஃபுட்பாலையும் சேர்த்து ஆடத் தொடங்கினார். 1991 ஜனவரியில் அந்த ஆட்டத்தில்தான் இடுப்பு முறிந்து, ஃபுட்பால் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. உடம்பைச் சீக்கிரம் தின்றுவிடும் ஆட்டம் எது, நெடுநாள் சம்பளம் தரும் ஆட்டம் எது என்று அங்கே மாணவர்கள் கணக்குப் போட முடிகிறது; ஒப்பந்தம் கண்ணெதிரே இருக்கிறது. கோபாலன் காலத்துச் சென்னையில் ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை, வேலைக்குத்தான் சம்பளம். தொகை கண்ணுக்குத் தெரியாததாலேயே அவருடைய முடிவு வெறும் விருப்பம் போலத் தோற்றமளிக்கிறது.

இனி எல்லைக்கு அப்பால். வில்லியனூரும் பாகூரும் 1749ஐ ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தவை. போர்களில் கைமாறிக் கைமாறி, 1816க்குப் பிறகு நிலையாக அவர்களிடம் இருந்தவை. 1880 ஆணையின்படி இரண்டும் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி வட்டாரங்கள் ஆயின. இந்த நிலப்பரப்பைப் படத்தில் பார்த்தால் கிழிந்த துணியைப் போலத்தான் இருக்கும்: ஒரு கிராமம் பிரெஞ்சு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ். பாகூரிலிருந்து புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூர் கிட்டம். அந்தக் கடலூரோ தென்னார்க்காடு மாவட்டத்தின் பிரிட்டிஷ் தலைநகர். வில்லியனூர் வழியாக 1879 முதல் விழுப்புரத்துக்கு ரயிலும் ஓடியது. அதாவது தூரம் ஒரு தடையே இல்லை. ஆனாலும் கிரிக்கெட்டின் கிளப், கம்பெனி, கலெக்டர், கவர்னர் என்ற வரிசை அந்த எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது. பிரெஞ்சு அதிகாரிக்குக் கிரிக்கெட் தேவைப்படவில்லை. அவர் ஊக்கிய ஆட்டங்கள் வேறு: கால்பந்து, இரும்புக் குண்டை உருட்டி ஆடும் பூல். இன்றும் புதுச்சேரியில் பூல் ஆடும் கிளப்கள் இருக்கின்றன. பிரான்சின் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த 'சொல்தா'க்களின் கை பழகிய ஆட்டம்.

அந்தச் சொல்தாக்களில்தான் கோபாலனுக்கு நிகரான கதை இருக்கிறது. மைதானத்தைத் தேடினால் அது கிடைக்காது. 1881 ஆணைப்படி தம் சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தவர்களுக்குப் பட்டாளத்திலும் இந்தோசீனத்து அலுவலகங்களிலும் வழி திறந்தது. உடல்வலுவும் துணிச்சலும் உள்ள புதுச்சேரி இளைஞன் சம்பாதிக்க வேண்டுமென்றால் சைகோனுக்குக் கப்பலேறினான். சென்னையில் தோள்வலுவுள்ளவனுக்குப் பந்துவீச்சு ஒரு வேலையைப் பெற்றுத் தந்தது என்றால், இங்கே துப்பாக்கியும் பேனாவும் பெற்றுத் தந்தன. ஆட்டம் வேலையாக மாறும் கதவு இங்கே திறக்கவே இல்லை. அந்தக் கதவு இல்லாததால் திறமையே இல்லை என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. காரணத்தையும் விளைவையும் அவர்கள் தலைகீழாக்கிவிட்டார்கள்.

கிராமத்தில் தங்கிவிட்டவனுக்கோ வேறு ஒரு தடை. அது நேரம். முதலியார்பேட்டைப் பக்கத்து ஆலைகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து நடந்தே வேலைக்குப் போய்வந்தார்கள். விடிவதற்கு முன் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்பும் வேலை. எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டத்தில், 1936 ஜூலை 30ஆம் தேதி, சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பெர்லின் ஒலிம்பிக் தொடங்கியது. ஒரே கோடையில் சென்னைக்காரர் ஒருவர் இரண்டு ஆட்டங்களுக்கிடையே தேர்ந்துகொண்டிருந்தார். புதுச்சேரிக்காரர்கள் ஒரு மாலைப் பொழுதுக்காக உயிரைக் கொடுத்தார்கள். 1937 ஏப்ரல் 6ஆம் தேதி எட்டு மணி நேர வேலைக்கு ஆணை வந்தது. ஆசியாவிலேயே முன்னோடியான சட்டங்களில் ஒன்று அது. வ. சுப்பையாவின் தலைமையில் கிடைத்த அந்த ஆணையைத் தொழிலாளர் வரலாறாக மட்டும் எழுதுகிறோம். புதுச்சேரியின் விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்களும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்து வெளியே வரும் உரிமை இல்லாத இடத்தில் கால்பந்து ஏது, கிரிக்கெட் ஏது?

1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி மாறியது. எல்லைக்கல் போனது. ஆனால் கிரிக்கெட்டின் ஏணி உடனே வந்துவிடவில்லை. ரஞ்சிக் கோப்பையில் புதுச்சேரி என்ற பெயரில் ஓர் அணி இறங்க மேலும் 64 ஆண்டு ஆனது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தொடர்ச்சியாக 2018-19இல் ஒன்பது புதிய அணிகள் சேர்ந்து, மொத்தம் 37 ஆனபோதுதான் இந்த வாசல் திறந்தது. திறந்த இடம் நகரத்தின் கடற்கரைச் சாலையில் இல்லை. வில்லியனூர் கொம்யூனில், ஊசுட்டேரிக்கு வடக்கே, துத்திப்பட்டில்தான் கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் அமைந்தது. நெல்லும் கரும்பும் விளைந்த வட்டாரத்தில் புல்தரை ஆடுகளம், மின்விளக்கு, ஒளிபரப்பு எல்லாம் வந்தன. 2024இல் நடந்த பாண்டிச்சேரி பிரீமியர் லீக்கில் வில்லியனூர் பெயரிலும் ஊசுடு பெயரிலும் அணிகளே இருந்தன.

கிரிக்கெட்டைப் பரப்பியது தொலைக்காட்சிதானே, இந்த ஏற்பாடுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று ஒருவர் கேட்கலாம். 1983 உலகக்கோப்பைக்குப் பிறகு பாகூர் ஏரிப் பாசனத்து ஊர்களிலும் மட்டை பிடிக்காத பையன் இல்லை என்பது மெய்தான். ஆனால் அங்கே நடப்பது என்ன என்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தை அறுப்பு முடிந்து தாள் காய்ந்த வயலில், வரப்பைப் பவுண்டரியாக வைத்து, டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். தாளடி நிலத்தில் தோல் பந்து நிலைத்து எழும்பாது. வெடிப்பில் பட்டால் முகத்துக்கு வரும், இல்லையென்றால் தரையோடு ஓடும். டென்னிஸ் பந்தில் குறுக்கே இழுத்தடித்துப் பழகிய கை, தோல் பந்தின் அசைவுக்கு முன் தடுமாறும். தோல் பந்துக்கு மட்டை, காலுறை, கையுறை, ஹெல்மெட், வலை, ஆடுகளம் பராமரிக்க ஆள் என்று வேண்டியது நீண்டுகொண்டே போகும். கபடிக்குக் கோடு போதும், வாலிபாலுக்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும். அதனால்தான் கிராமத்துப் பள்ளிகளில் அந்த ஆட்டங்கள் வாழ்கின்றன. தொலைக்காட்சி ஆசையைக் கொடுத்தது. ஆசையை ஆட்டமாக்கும் பாதை துத்திப்பட்டில்தான் தொடங்கியது.

அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்கள் யார் என்பது அடுத்த மறுப்பு, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பருவத்தில் புதுச்சேரி அணிக்கு மும்பையின் அபிஷேக் நாயர், ராஜஸ்தானின் பங்கஜ் சிங், இமாசலத்தின் பரஸ் தோக்ரா வந்தார்கள். அடுத்த பருவத்தில் கர்நாடகத்தின் வினய் குமார். 2018 செப்டம்பரில் முதல் போட்டித் தொடர் தொடங்கிய சில நாளிலேயே, வெளியூரிலிருந்து வந்த எட்டு வீரர்களின் தகுதியைக் கிரிக்கெட் வாரியம் ரத்து செய்ய வேண்டியிருந்தது. புதிய அணிக்கு அனுபவசாலிகள் தேவை, அவர்களைப் பார்த்துத்தான் உள்ளூர்ப் பையன்கள் கற்பார்கள் என்பது சங்கங்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம். விதியும் வெளியூர்த் தொழில்முறை வீரர்களை ஓர் அளவுக்கு அனுமதிக்கிறது. இதில் உண்மை இருக்கிறது: ஜான்ஸ்டன் என்ற வெளிநாட்டுக்காரர் இல்லாமல் கோபாலன் இல்லை. ஆனால் ஜான்ஸ்டன் தாம் மட்டும் பந்து போட்டுவிட்டுப் போகவில்லை. மொறப்பாக்கத்துப் பையனுக்கு வேலையும் இடமும் கிடைக்க வழி செய்தார். வெளியூர் வீரர் வருவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வந்துபோன பிறகு உள்ளூரில் யாருக்கு அந்த இடம் போனது என்பதை வைத்துத்தான் அந்த ஏற்பாட்டை எடைபோட வேண்டும்.

கோபாலன் பிற்காலத்தில் சென்னை அணியின் தலைவரானார், தேசியத் தேர்வாளரும் ஆனார். சென்னைக்கும் இலங்கைக்கும் 1950களில் தொடங்கிய ஆண்டுப் போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 2003இல் தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். தங்கத்தை இழந்தவர் என்று இரங்கப்படுபவருக்குக் கிரிக்கெட் எழுபது ஆண்டு வாழ்வும் மரியாதையும் தந்திருக்கிறது. அவர் கணக்கு தப்பவில்லை. தப்பியது, இரண்டையும் ஆடக்கூடிய ஒருவரை ஒன்றை வெட்டியெறியச் சொன்ன ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை வில்லியனூரும் பாகூரும் அப்படியே வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. பாகூர்ப் பள்ளியில் கால்பந்தும் வாலிபாலும் ஆடும் ஒரு பெண்ணோ பையனோ துத்திப்பட்டில் தேர்வுக்கு வந்தால், பள்ளி அணியை விட்டுவிட்டு வா என்று சொல்லாமல், இரண்டு நாட்காட்டியையும் இடிக்காமல் வகுக்கப் பள்ளிக் கல்வித் துறையும் சங்கமும் உட்கார்ந்து பேசலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை தரும்போது கபடிக்கும் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்பு, செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது: ஒவ்வொரு பருவமும் புதுச்சேரி அணிகளில் பதிவாகும் வீரர் எந்த கொம்யூனில், எந்தப் பள்ளியில் படித்தவர் என்ற எண்ணிக்கையைச் சங்கம் வெளியிட வேண்டும். நகரம் எத்தனை, வில்லியனூர் எத்தனை, பாகூர் எத்தனை, வெளியூர் எத்தனை என்று ஊருக்குத் தெரியட்டும்.